கேஜ் பொய் சொல்லவில்லை

கிணறு துளையிடும் ரிக்கில் வேலை. பம்ப் ஸ்ட்ரோக் மாறவில்லை, பம்பிலிருந்து மட் (துளைக்குள் செலுத்தும் சேற்றுக் கலவை) போகும் ஸ்டாண்ட்பைப் குழாயில் பிரஷர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது. கேஜ்தான் கெட்டுப்போச்சு என்று அரை மணி நேரத்தை வீணடித்தேன். பம்ப் வால்வு, மேலே உள்ள லைன்கள் எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் பைப்பை உருவினோம். ஒரு டிரில் காலர் (துளைப்பானுக்கு மேல் வரும் கனமான குழாய்) இணைப்பில் வாஷ்அவுட், அதாவது மட் கசிந்து அரித்த இடம். பின்னின் (இணைப்பில் உள்ளே திருகும் முனை) தோளில், அதாவது மரைக்கு அடியில் உள்ள தட்டை விளிம்பில், விரல்நகம் அளவுக்குப் பள்ளம். மட் அறுத்துக்கொண்டு போன தடம் மரை வரை பளபளவென்று தெரிந்தது. இன்னும் கொஞ்சம் சுற்றியிருந்தால் முறிந்து, கிணற்றுக்குள் விழுந்த துண்டை மீட்கும் ஃபிஷிங்கில் மாட்டியிருப்போம்.

காலர் மேல் பழி போடுவது சுலபம். ஆனால் இந்த இணைப்பில் மரை கசிவைத் தடுக்காது; தோளோடு தோள் அழுந்தும் இடம்தான் ஒரே அடைப்பு. டார்க் (முறுக்கு விசை) குறைந்தால் அந்த அழுத்தமும் போச்சு. ஏன் குறைந்தது என்று தேடினால், அப்போதுதான் டோப்பை (மரையிலும் தோளிலும் பூசும் கிரீஸ்) மாற்றியிருந்தோம். புது வாளியில் உராய்வுக் காரணி 1.15 என்று அச்சிட்டிருந்தது. எங்கள் டார்க் டேபிள் 1.0-க்கானது. 1.15-ஆல் பெருக்காமல் பழைய எண்ணுக்கே முறுக்கியதில் சுமார் 13 சதவீதம் குறைவு. போதாததற்கு டாங்கை (இணைப்பை முறுக்கும் பெரிய பிடிகருவி) இழுக்கும் கயிறும் அதற்கு 90 டிகிரியில் இல்லை. அதிலும் கொஞ்சம் போயிருக்கும்.

இப்போது வாளி மாறினால் போர்டில் டார்க் எண்ணை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறேன். தோளைத் துடைத்துப் பார்த்த பிறகே டோப். காந்தத் துகள் சோதனையில் பின்னின் தோளை ஒட்டிய மரைகளை முதலில் பார்க்கச் சொல்கிறேன், சோர்வு விரிசல் (திரும்பத் திரும்ப வளைவதால் வருவது) அங்கேதான் ஒளிந்திருக்கும். கேஜைத் தட்டிப் பார்ப்பதை மட்டும் இன்னும் விடவில்லை, ஒரே ஒரு தடவை.