மார்கழியில் ஒரே நாளில் நான்கு கச்சேரி

சென்னையின் டிசம்பர் இசை சீசனில் நிறையக் கச்சேரி கேட்க ஆசையா? பாடகரைப் பார்த்து அல்ல, பேட்டையைப் பார்த்து நாளைத் திட்டமிடுங்கள். மயிலாப்பூர் என்றால் அன்று முழுக்க மயிலாப்பூர்தான். சாயங்கால நெரிசலில் தி.நகர் வாணி மகாலுக்குக் கிளம்பினால் தொடக்கத்தில் பாடும் வர்ணமும் போய்விடும், ராகமும் போய்விடும்.

நான் காலையில் மியூசிக் அகாடமியின் செயல்முறை விளக்கத்தில் (பாடிக் காட்டி விளக்கும் உரை) தொடங்குவேன். அப்புறம் அதே டி.டி.கே. சாலையில் நடந்தே நாரத கான சபா. மதியக் கச்சேரிகளை விட்டுவிடாதீர்கள். பல சபாக்களில் அவற்றுக்கு டிக்கெட் கிடையாது. இளம் பாடகர்கள் உயிரைக் கொடுத்துப் பாடுவார்கள். நாளைய பெரிய பெயர்களை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம்.

அடுத்த இடத்துக்கு ஓட வேண்டுமா? தனி ஆவர்த்தனம், அதாவது பாட்டு இல்லாமல் மிருதங்கம் தனியாக ஒலிக்கும் பகுதி முடிந்து, கைதட்டிவிட்டு எழுந்திருங்கள். அதற்குப் பிறகு கடைசியில் வரும் சின்னப் பாட்டுகளான துக்கடாக்களைத் தவறவிட்டால் பரவாயில்லை. மிருதங்கத்தின் தனி தொடங்கும்போது எழுந்து போவதை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது. இரண்டு மணி நேரம் பாட்டைத் தாங்கிய கலைஞருக்குக் கிடைக்கும் சில நிமிடங்கள் அவை.

சாப்பாடு சபா கேன்டீனில்தான். கச்சேரி முடிந்து கூட்டம் இறங்குவதற்குள் போய்விடுங்கள். ஏசி குளிருக்கு ஒரு சால்வை கட்டாயம்.