பூசணி சீஸ்கேக்: தண்ணீரால் கெடுவதே அதிகம்

பூசணி சீஸ்கேக் சரியாக வராவிட்டால் பழி பெரும்பாலும் ஓவன் மேல்தான் விழுகிறது. நடுவில் வெடிப்பு, அடியில் ஊறிப்போன பிஸ்கட், வாயில் வைத்தால் ஈரப்பசை. ஓவனுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் பாதிக் கெடுதல், ஓவனைப் போடும் முன்பே, பூசணி கிண்ணத்தில் விழும்போதே நடந்துவிடுகிறது. பூசணி விழுதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் 425 கிராம் டப்பா ஒன்றில் சுமார் 380 கிராம் நீர்தான் இருக்கிறது. சாதாரண சீஸ்கேக் செய்முறையில் ஒரு டப்பா பூசணியைக் கொட்டி, பட்டைத்தூள் தூவினால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த 380 கிராமைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

பேச்சுக்கு ஓர் அளவை வைத்துக்கொள்வோம்: 23 சென்டிமீட்டர் அகலமுள்ள, பக்க வளையம் கழலும் ஸ்பிரிங்ஃபார்ம் பாத்திரம், 680 கிராம் க்ரீம் சீஸ், 425 கிராம் பூசணி விழுது, 250 கிராம் சர்க்கரை, பெரிய முட்டை நான்கு, ஒரு மேசைக்கரண்டி சோளமாவு. அடித்தட்டுக்கு 170 கிராம் பிஸ்கட் தூளும் 70 கிராம் உருக்கிய வெண்ணெயும். கீழே வரும் தவறுகள் எல்லாம் இந்த அளவை ஒட்டியவை.

டப்பாவும் காயும்

வட அமெரிக்காவில் இருப்பவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் கடை அலமாரி. பூசணி மட்டுமே உள்ள டப்பாவும், சர்க்கரையும் மசாலாவும் ஏற்கெனவே கலந்த ‘பம்ப்கின் பை ஃபில்லிங்’ டப்பாவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். படமும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டாவதை எடுத்துவந்து, செய்முறையில் சொன்ன சர்க்கரையையும் சேர்த்தால் திகட்டும் ஒரு பண்டம் கிடைக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். உட்பொருள் பட்டியலில் பூசணியைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது.

புதுக் காயில் செய்ய ஆசைப்படுவோர் செய்யும் தவறு வேறு. ஹாலோவீனுக்கு முகம் செதுக்க விற்கும் பெரிய பூசணி, பார்வைக்காக வளர்க்கப்படுவது. நாரும் நீரும் அதிகம், சுவை குறைவு. வாசலில் விளக்கேற்றி வைத்ததை வீணாக்க வேண்டாமே என்று சமையலறைக்குக் கொண்டுவரும் சிக்கனம் இங்கே வேண்டாம். ‘சுகர் பம்ப்கின்’ என்று விற்கும் சிறிய காயோ, பட்டர்நட் ஸ்குவாஷோ போதும்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருப்பவர்கள் இறக்குமதி டப்பாவுக்காக ஏங்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் பிரபலமான லிப்பீஸ் டப்பாவில் இருப்பது டிக்கின்சன் என்ற வகை. இல்லினாய் மாநிலத்தின் மோர்ட்டன் ஊரைச் சுற்றி விளைவது. தாவரவியலில் அது குக்குர்பிட்டா மோஸ்காட்டா. பட்டர்நட்டும், நம் சந்தைகளில் கீற்றுக் கீற்றாக வெட்டி விற்கும் மஞ்சள் பூசணியும் அதே இனம்தான். முற்றிய காயாகப் பாருங்கள்: நகம் இறங்காத தோல், தடித்த ஆரஞ்சு நிறச் சதை. சதை வெளிர் மஞ்சளாக இருந்தால் அது கூட்டுக்கு ஆகும், சீஸ்கேக்குக்கு ஆகாது.

அந்தக் காயைக் குக்கரில் போட்டு இரண்டு விசில் விடுவதுதான் நம் கை பழகிய வழி. இங்கே அது ஆகாது. ஏற்கெனவே நீர் நிறைந்த காயை மேலும் நீரில் ஊறவைப்பதாகவே முடியும். விதையை நீக்கி, வெட்டிய பக்கம் தட்டில் படும்படி கவிழ்த்து, 200 டிகிரி செல்சியஸில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் சுட்டால் நீரும் வற்றும், இனிப்பும் கூடும். பிறகு தோலை உரித்து மிக்ஸியில் அரையுங்கள்.

அதோடு வேலை முடியவில்லை. சுட்ட காயானாலும் டப்பாவானாலும் விழுதை வற்றவைத்தே ஆக வேண்டும். அடி கனமான வாணலியில் மிதமான தீயில் கிளறுங்கள். கரண்டியால் கோடு கிழித்தால் கோடு உடனே மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும். 425 கிராம் விழுது சுமார் 300 கிராமுக்கு வந்துவிட்டால் நல்லது. தராசு இருந்தால் நிறுத்துப் பாருங்கள். டப்பாவுக்கே உரிய பச்சை வாடையும் இந்தக் கிளறலில் போய்விடும். அடுப்பருகே நிற்கப் பொறுமை இல்லாதவர்கள், விழுதைச் சமையலறைக் காகிதத் துண்டுகள் மேல் பரப்பி, மேலேயும் காகிதம் வைத்து அழுத்தி எடுக்கலாம். எதைச் செய்தாலும், நன்றாக ஆறிய பிறகே சீஸோடு சேர வேண்டும். சூடான விழுது சீஸை உருக்கி, முட்டையை ஆங்காங்கே வேகவைத்துவிடும்.

நீரை வற்றவைக்காமல் சோளமாவைக் கூட்டிச் சமாளிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூட்டலாம், கேக் கெட்டியாகவும் நிற்கும். ஆனால் வாயில் களியாகத்தான் இருக்கும்.

சீஸும் கலவையும்

க்ரீம் சீஸ் கட்டியாக வருவதும் உண்டு, ரொட்டியில் தடவ டப்பியில் வருவதும் உண்டு. அமெரிக்க விதிப்படி ‘க்ரீம் சீஸ்’ என்று விற்க வேண்டுமானால் கொழுப்பு குறைந்தது 33 சதவீதம், ஈரம் அதிகபட்சம் 55 சதவீதம். தடவுவதற்கான ‘ஸ்ப்ரெட்’ வகையும் கொழுப்பு குறைத்த வகையும் இதைவிட ஈரமானவை. பூசணியிலிருந்து பாடுபட்டு எடுத்த தண்ணீரை இந்த வழியாகத் திரும்ப உள்ளே விடாதீர்கள். இந்தியாவில் இன்னொரு குழப்பம், சப்பாத்திக்குள் வைத்துச் சுருட்டும் பதப்படுத்திய சீஸ் ஸ்ப்ரெட்டை இதற்கு வாங்கிவிடுவது. அதில் உப்பும் வேறு. அந்த வாசனையை எந்த மசாலாவாலும் மறைக்க முடியாது. க்ரீம் சீஸ் விலை கையைக் கடித்தால் கால் பங்குக்கு நன்றாக வடிகட்டிய கெட்டித் தயிரைச் சேர்க்கலாம். முழுவதையும் தயிரிலேயே செய்தால் வருவது வேறொரு பண்டம். அதுவும் நன்றாகவே இருக்கும், ஆனால் இது அல்ல.

குளிர்ந்த சீஸை அடித்தால் கட்டிகள் கரையாது. அவற்றைக் கரைக்க மேலும் அடித்தால் காற்று ஏறும். எனவே சீஸும் முட்டையும் முன்கூட்டியே வெளியே வந்துவிட வேண்டும். நவம்பர் மாத டொராண்டோவில் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். சென்னையில் அரை மணி தாராளம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணிதான் கெடு.

சீஸ், சர்க்கரை, சோளமாவு மூன்றையும் முதலில் கட்டியில்லாமல் அடியுங்கள். கிண்ணத்தின் அடியையும் ஓரத்தையும் வழித்து மறுபடி அடியுங்கள். வழிக்காமல் விட்ட சீஸ் கடைசியில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும், ஆரஞ்சு நிறத்தில் அது அசிங்கமாகவும் தெரியும். அடுத்து பூசணி. முட்டை கடைசியில், ஒன்றொன்றாக, குறைந்த வேகத்தில், மஞ்சள் கரு மறையும் வரை மட்டும். சாதாரண கேக்குக்கு முட்டையை நுரைக்க அடித்துப் பழகிய கை இங்கே அடங்க வேண்டும். உள்ளே புகுந்த காற்று சூட்டில் விரியும், கேக் உப்பும், ஆறும்போது அமுங்கும், அமுங்கும்போது வெடிக்கும்.

முட்டை சேர்க்காதவர்கள் இந்தச் செய்முறையிலிருந்து முட்டையை மட்டும் உருவிவிட்டுச் செய்வது நடக்காது. கலவையை இறுக்கிப் பிடிப்பதே அதுதான். அவர்களுக்குக் கடற்பாசி சேர்த்துக் குளிர்பெட்டியில் இறுகவைக்கும் வகை இருக்கிறது.

மசாலாவைப் பற்றி ஒன்று. அமெரிக்கர்களின் ‘பம்ப்கின் ஸ்பைஸ்’ என்பது பட்டை, சுக்கு, சாதிக்காய், கிராம்பு, சிலசமயம் ஆல்ஸ்பைஸ் என்ற, மிளகு போன்ற ஒரு மணக்காய். எல்லாம் நம் அஞ்சறைப்பெட்டிக்கு நெருங்கிய சொந்தம்தான், அதனால்தான் கை தாராளமாகிவிடுகிறது. வீட்டில் புதிதாகப் பொடித்த கிராம்பு, கடையில் பல மாதம் கிடந்த தூளைவிடக் காரம். கால் தேக்கரண்டிக்கு மேல் போனால் பல் வலிக்கு வைத்த மருந்தின் நினைவு வரும். பட்டை ஒன்றரைத் தேக்கரண்டி, சுக்கு ஒன்று, சாதிக்காய் அரை போதும். ஏலக்காய் சேர்க்கலாமா என்றால், தாராளமாக. கரம் மசாலா வேண்டவே வேண்டாம். அதிலுள்ள மல்லியும் சீரகமும் மிளகும் கேக்கைக் குருமாவாக்கிவிடும்.

சூடு

வேகும்போது இந்தக் கலவையைத் தாங்குவது முட்டையின் புரதம். மெதுவாகச் சூடேறினால் அது நீரைத் தன்னுள் பிடித்துக்கொண்டு இறுகும். மிஞ்சிச் சூடேறினால் சுருங்கி நீரை வெளியே தள்ளும். மோர்க்குழம்பைக் கொதிக்கவிட்டால் திரிவது மாதிரிதான். சூட்டைப் பற்றிய தவறுகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இதைக் கொதிக்கவிடுகிற தவறுகளே.

அமெரிக்கச் செய்முறையில் 325 என்று இருந்தால் அது ஃபாரன்ஹீட். நமக்கு சுமார் 160 செல்சியஸ். காற்றாடி ஓடும் ஓவன் என்றால் அதிலிருந்தும் 15 முதல் 20 டிகிரி குறைக்க வேண்டும். நம் ஊர் ஓ.டி.ஜி. (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த) சிறு ஓவன்களில் மேல்கம்பி கேக்குக்கு மிக அருகில் இருப்பதால் மேற்புறம் கருகி உள்ளே பச்சையாக நிற்கும். கீழ்க்கம்பியை மட்டும் போட்டு, கேக்கைக் கீழ்த்தட்டில் வையுங்கள். ஓவனின் திருகு காட்டும் எண்ணை நம்பாமல், உள்ளே தொங்கவிடும் ஒரு வெப்பமானி வாங்குவது நல்ல செலவு.

பிஸ்கட் அடித்தட்டைத் தனியாகப் பத்து நிமிடம் சுட்டுவிட்டுத்தான் கலவையை ஊற்ற வேண்டும். பூசணிக் கலவைக்கு இது மற்ற சீஸ்கேக்குகளைவிட முக்கியம். சுடாத பிஸ்கட் ஈரத்தை அப்படியே உறிஞ்சும்.

பாத்திரத்தைச் சுடுநீர்த் தட்டில் வைப்பது எதற்கு? தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் கேக்கின் ஓரம் நடுப்பகுதியைவிட வெகுவாக முந்தி வேகாது. ஆனால் ஸ்பிரிங்ஃபார்ம் பாத்திரத்தின் அடி கசியும். ஒற்றை அலுமினியத் தாளைச் சுற்றி, மடிக்கும்போதே நகம் பட்டுக் கிழிந்ததைக் கவனிக்காமல் நீரில் இறக்குவது மிகப் பரவலான விபத்து. அந்தப் பாத்திரத்தை, அதைவிடச் சற்றே பெரிய சாதாரண கேக் டின்னுக்குள் இறக்கி, டின்னோடு தண்ணீரில் வைத்தால் தாளே தேவையில்லை. அதுவும் இல்லையென்றால் ஒரு தட்டு சுடுநீரைக் கீழ் அடுக்கில் வையுங்கள். பலன் சற்றுக் குறைவு, பயம் அறவே இல்லை. தண்ணீர் சுடுநீராக இருக்க வேண்டும், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் நேரக் கணக்கு முழுதும் தவறிப்போகும்.

வெந்துவிட்டதா என்று பார்க்கக் கத்தியைக் குத்துவது அடுத்த தவறு. சீஸ்கேக்கில் கத்தி சுத்தமாக வெளியே வந்தால் அது வெந்து பத்து நிமிடம் தாண்டிவிட்டது என்று பொருள். போதாததற்குக் குத்திய இடத்திலிருந்தே வெடிப்பும் தொடங்கும். பூசணியின் நிறத்தால் மேற்புறச் சிவப்பை வைத்தும் சொல்ல முடியாது. பாத்திரத்தை லேசாக அசைத்துப் பாருங்கள். ஓரம் அசையாமல் நிற்க, நடுவில் ஓர் உள்ளங்கை அகலம் மட்டும் ததும்பினால் சரி. அலை போல ஓடினால் இன்னும் வேண்டும். குத்திப் பார்க்கும் வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 66 முதல் 71 டிகிரி. 71 என்பது முட்டைப் பண்டங்களுக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்லும் பாதுகாப்பு அளவு. குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் சாப்பிடுவதானால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். நேரம் பொதுவாக ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி. பூசணி சேராத கேக்கின் நேரத்தைப் பார்த்து முன்னதாக எடுத்துவிடாதீர்கள்.

ஆறும் நேரம்

வெந்ததும் ஓவனை அணைத்து, கதவை ஒரு கரண்டி செருகும் அளவுக்குத் திறந்து, ஒரு மணி நேரம் உள்ளேயே விடுங்கள். வெளியே எடுத்த உடனே மெல்லிய கத்தியால் ஓரத்தைச் சுற்றி விடுவித்துவிட வேண்டும். ஆறும்போது கேக் சுருங்கும். ஓரம் பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் நடுவில்தான் கிழியும். கதகதப்பு போனதும் குளிர்பெட்டி. இறுக மூடினால் ஆவி மேலே சேர்ந்து சொட்டும். முதல் ஓரிரண்டு மணி நேரம் மூடாமல் விட்டுப் பிறகு மூடுங்கள்.

குறைந்தது எட்டு மணி நேரம் குளிர வேண்டும் என்பதால்தான் இதை விருந்தன்றே செய்யக் கூடாது. அமெரிக்காவில் நன்றி நவிலும் நாள் (தேங்க்ஸ்கிவிங்) நவம்பர் நான்காம் வியாழன். கனடாவில் அக்டோபர் இரண்டாம் திங்கள். இரண்டிலும் அன்று காலை முதல் ஓவன் வான்கோழியின் வசம். முந்தைய நாள் முடித்து வைத்துவிட்டால் மசாலாவும் ஒன்றோடொன்று சேர்ந்து அடங்கியிருக்கும். இன்னும் முன்கூட்டியே வேண்டுமானால் மேலே எதுவும் வைக்காமல், காற்றுப் புகாதபடி சுற்றி உறைய வைக்கலாம். ஒரு மாதம் தாங்கும். பரிமாறுவதற்கு முதல் நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி மெதுவாக உருகவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வெடித்தால் பதற வேண்டாம், சுவை போகாது. ‘சவர் க்ரீம்’ என்று விற்கும் புளித்த க்ரீம் ஒரு கோப்பையில் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை கலந்து மேலே பரப்பிவிட்டால் வெடிப்பு இருந்த இடம் தெரியாது. அடித்த க்ரீமானால் பரிமாறும் வேளையில்தான் வைக்க வேண்டும், முன்னதாக வைத்தால் அதுவும் நீர்விடும். வளையத்தைக் கழற்றுவது நன்றாகக் குளிர்ந்த பிறகு. கத்தியைச் சுடுநீரில் முக்கி, துடைத்து, ஒரு துண்டு வெட்டுங்கள். அடுத்த துண்டுக்கு மறுபடி முக்கி, துடைத்து.