மேல்மலையில் ஒண்டியாகக் குடியிருக்க

கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கம் ஆள் அரவம் இல்லாத வீடாகத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதத்தில்தான் வருகிறார்கள். அப்போது எந்த வீடும் சொர்க்கமாகத்தான் தெரியும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் நவம்பரில் ஒரு பத்து நாள் அங்கே தங்கிப் பாருங்கள். மழையில் மண் சரிந்து ரோடு அடைபடும். மரம் விழுந்து கரண்ட் போகும். மேகம் இறங்கினால் எதிர் வேலி தெரியாது. அதற்குப் பிறகும் ஆசை மிச்சமிருந்தால் வாடகை பேசலாம்.

தனிமையின் ருசி பொய்யில்லை. நாலைந்து நாளில் காது திறந்துகொள்ளும். சோலைக்குள் ஓடும் தண்ணீர் வீட்டுக்குள் கேட்கும். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதால் காலைப்பொழுது முழுசாகக் கைக்கு வரும். எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் அது பெரிய சொத்து. ஆனால் கேட்க ஆளில்லாத வீட்டில் கெட்டதும் சத்தமில்லாமல்தான் நடக்கும். தனியாக இருங்கள், யார் கண்ணிலும் படாமல் மட்டும் இருக்காதீர்கள்.

இதற்குச் சரியான உதாரணம் கரி அடுப்பு. டிசம்பர், ஜனவரி உறைபனியில் ஜன்னலை அடைத்துவிட்டுக் கரியை மூட்டிப் படுப்பது மலையில் உயிரைக் குடிக்கிற பழக்கம். தணல் சரியாக எரியாமல் கனியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. முதலில் தலைவலி, குமட்டல், கால் துவளும். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ‘எனக்கும்தான் தலை வலிக்குது’ என்று ஒருவர் சொல்வார், சந்தேகம் வரும். ஒண்டி ஆள் ‘குளிர் ஒத்துக்கல’ என்று போர்வையை இழுத்துக்கொண்டு படுப்பார். ஆகவே புகைபோக்கி இல்லாத அறைக்குள் கரி வேண்டவே வேண்டாம். புகைபோக்கியுள்ள கணப்பு என்றாலும் ஜன்னல் நாலு விரற்கடை திறந்திருக்கட்டும். படுக்கும் முன் நெருப்பு முழுக்க அணைந்திருக்கட்டும். கேஸ் கீஸரைக் குளியலறைக்கு வெளியே மாட்டுங்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்குங்கள். புகை அலாரம் இதற்கு உதவாது.

அடுத்தது ஆள் ஏற்பாடு. மூன்று பேர் போதும்: பால்காரர், பக்கத்துத் தோட்டத்தில் குடியிருப்பவர் (கீழ் வீட்டு அக்கா என்று வைத்துக்கொள்வோம்), ஒரு ஜீப் டிரைவர். வாசலில் கேன் தொங்கவிட்டுப் பால் வாங்குகிறவராக இருந்தால் காவலுக்கு அதுவே போதும். ஆனால் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். ‘சார் தூங்குறாரு போல’ என்று மரியாதைக்காகத் தட்டாமல் போய்விடுவார்கள். “அண்ணே, நேத்து ஊத்துன பால் அப்படியே இருந்தா கதவைத் தட்டுங்க. குரல் வரலன்னா கீழ் வீட்டு அக்காகிட்ட சாவி இருக்கு” என்று சொல்லிவையுங்கள். உள்தாழ்ப்பாள் போட்டுத் தூங்கினால் அந்தச் சாவியால் பயனில்லை. வெளியிலிருந்தும் திறக்கிற பூட்டாகப் போடுங்கள். ஊரில் ஒருவருக்கு இரவு ஏழு மணிக்கு ஒரு மிஸ்டு கால். எட்டுக்குள் வராவிட்டால் அவர் அக்காவைக் கூப்பிட வேண்டும்.

108 வண்டி மண்பாதையில் ஏறாமல் போகலாம். ரோடு வரை கொண்டு சேர்க்கத்தான் ஜீப். எந்தத் திருப்பம், எந்தக் கோயில், அங்கிருந்து எத்தனை வீடு என்று எழுதிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்கள், வலியில் வழி சொல்ல வராது. போன் சட்டைப்பையில் இருக்கட்டும், பாசி பிடித்த படியிலும் குளியலறையிலும்கூட. ஒரு பட்டன் போனும் கூட இருந்தால் கரண்ட் இல்லாத நாட்களைச் சமாளிக்கலாம். சிக்னல் எந்த மூலையில் கிடைக்கிறது என்று முதல் நாளே பார்த்துவையுங்கள்.

சரக்கு பத்து நாளுக்கு: அரிசி மூன்று கிலோ, பருப்பு ஒரு கிலோ, உருளைக்கிழங்கு, ஸ்பேர் சிலிண்டர் ஒன்று. பிரஷர், சுகர் மாத்திரை ஒரு மாதத்துக்கு. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்; திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. குக்கர் இல்லாமல் வராதீர்கள், அதிலும் இரண்டு விசில் கூட விடுங்கள்.

இருட்டும் முன் வீடு திரும்பிவிடுங்கள். ஒற்றைக் காட்டு மாடு பாதையில் நின்றால் விரட்டாதீர்கள், படம் எடுக்காதீர்கள்; வந்த வழியே திரும்புங்கள். குளிருக்கென்று குடிப்பவர்களுக்கு ஒன்று: சாராயம் தோலுக்கு ரத்தத்தைத் தள்ளி உடம்புச் சூட்டை வெளியேற்றும், சூடு ஏறுவதுபோல் தோன்றுவது ஏமாற்று. ஒண்டி ஆளுக்கு அளவு கேட்கவும் ஆளில்லை.

மனசு கெடுவதைத் தட்டில்தான் முதலில் பார்க்கலாம். சமைப்பது நின்று டீயும் வறுக்கியுமாக ஓடும். பிறகு குளியல் தள்ளிப்போகும், பகலில் தூக்கம், ராத்திரி முழிப்பு. பழைய சண்டைகளுக்கு இப்போது பதில் தோன்றும். கடைசியில் கீழ் வீட்டு அக்கா நம்மைப் பற்றி என்னவோ பேசுகிறார் என்று படும். இவற்றில் இரண்டு ஒரு வாரம் நீடித்தால் 14416-க்குப் பேசுங்கள்; டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், எந்நேரமும் எடுப்பார்கள். இல்லையென்றால் பஸ் ஏறி வத்தலக்குண்டு இறங்கி, சொந்தக்காரர் வீட்டில் மூன்று நாள் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கிளம்பும்போது பால் வேண்டாம் என்று மறக்காமல் சொல்லிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது கதவைத் திறந்துபோட்டு ஊரே உள்ளே நிற்கும்.