கல்யாண டிவிடியிலிருந்து நாதஸ்வரத்தை மட்டும் எடுக்க

அக்கா கல்யாணம் நடந்தது 2006-ல். வீடியோக்காரர் கொடுத்த மூன்று டிவிடிகளில் படத்தை இப்போது யாரும் பார்ப்பதில்லை, ஆனால் அதில் இருக்கும் நாதஸ்வரத்தை நடைப்பயிற்சியில் கேட்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை, அப்பாவுக்கோ பழைய காரில் சிடியாக ஓட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போராடிக் கற்றுக்கொண்டது இது.

முதலில் டிவிடி தட்டைக் கழுவுங்கள். சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்த்தால் கீறல் விழுந்து காரியம் கெட்டுவிடும். லேப்டாப்பில் டிரைவ் இல்லையென்றால் யுஎஸ்பியில் மாட்டும் டிரைவ் ஒன்று போதும்.

டிவிடியைத் திறந்தால் விஓபி என்று முடியும் ஃபைல்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 ஜிபி வந்ததும் வெட்டப்பட்டு அடுத்தது தொடங்கும், பாட்டு நடுவில் இருந்தாலும் சரி. நான் அவற்றைத் தனித்தனியாக மாற்றி, தவில் தனி பாதியில் அறுந்துபோக, எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். மேக்எம்கேவி என்ற மென்பொருள் அவற்றைச் சேர்த்து ஒரே எம்கேவி ஃபைலாகத் தந்துவிடும், டிவிடிக்கு அது இலவசம். வீட்டு வீடியோ தட்டில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு எதுவும் இருக்காது. கடையில் வாங்கிய படத் தட்டில் இருக்கும், அதை உடைப்பதைப் பற்றி 2012-ல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ என்று ஒரு பிரிவே சேர்த்திருக்கிறார்கள், அதனால் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

அப்புறம் ஆடாசிட்டி, ஒலியை வெட்டித் திருத்தும் மென்பொருள். எம்கேவியைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருளைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். டிவிடியின் ஒலி பெரும்பாலும் ஏசி3 என்ற சுருக்கிய வடிவில், 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கும். கல்யாணத் தட்டுகளில் வழக்கமாக இரண்டு சேனல்தான், நேராக வேலையைத் தொடங்கலாம். 5.1 (ஆறு சேனல்) ஆக இருந்தால்தான் தலைவலி, ஆறு டிராக் தனித்தனியாக வந்து நிற்கும். முதலாவதை முழுக்க இடது பக்கமும் இரண்டாவதை முழுக்க வலது பக்கமும் தள்ளுங்கள், மூன்றாவதை நடுவிலேயே விடுங்கள், குரல் அதில்தான் இருக்கும், அதை அழித்துவிட்டு ‘பாட்டு கேட்கிறது, பாடகரைக் காணோம்’ என்று தேடாதீர்கள். நான்காவது வெறும் ‘தும் தும்’ என்று அதிரும் பாஸ் ஒலி, அதை மியூட் செய்யலாம். கடைசி இரண்டையும் இடது வலதாகப் பிரித்து, ஒலியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். எல்லாம் ஒன்று சேரும்போது ஒலி உச்சத்தில் முட்டிக் கரகரக்கும், ஆகவே மொத்தமாக 4, 5 டெசிபல் இறக்கிவிடுவது நல்லது.

டிவிடியின் அத்தியாயப் பிரிப்பை நம்ப வேண்டாம். பல ரெக்கார்டர்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று தானாக வெட்டியவை. காதால் கேட்டு, பாட்டு தொடங்கும் இடத்தில் கன்ட்ரோல் பி (B) அழுத்தி லேபிள் போடுங்கள், கடைசியில் லேபிள் வாரியாக ஏற்றுமதி செய்தால் தனித்தனி ஃபைல் கிடைக்கும்.

அம்மாவுக்கு எம்பி3, 192 கேபிபிஎஸ். நிமிடத்துக்கு ஒன்றரை எம்பிக்கும் குறைவு, இரண்டு மணி நேரம் 170 எம்பி சுமார். பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போடுங்கள், சின்ன பிளேயர்கள் பலவும் பெயர் வரிசைப்படிதான் ஓட்டும்.

சிடிக்கு வேவ் ஃபைல்தான் வேண்டும், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ. எம்பி3யிலிருந்து சிடி எழுதாதீர்கள், அதில் தூக்கியெறியப்பட்டது திரும்ப வராது. பர்ன் செய்யும்போது ‘ஆடியோ சிடி’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், டேட்டா சிடியாக எழுதினால் பழைய கார் பிளேயர் அதைத் துப்பிவிடும். ஒரு தட்டில் 80 நிமிடம்தான் பிடிக்கும். ஆலாபனையிலிருந்து கீர்த்தனைக்கு இடைவெளி இல்லாமல் போக வேண்டுமென்றால் டிராக்குகளுக்கு நடுவே வரும் 2 விநாடி இடைவெளியை அணைத்துவிடுங்கள். ஆடாசிட்டியில் வெட்டும் இடம் சிடி பிரேமின் எல்லையில், அதாவது விநாடியை 75 ஆகப் பிரித்த அளவில், விழும்படி வெட்டுங்கள், இல்லையென்றால் டிராக் மாறும் இடத்தில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும்.

அப்பாவின் கார் மறுமுறை எழுதும் தட்டை எடுக்கவே இல்லை. சாதாரண சிடி-ஆர் வாங்கி மெதுவான வேகத்தில் எழுதினேன், ஓடியது.