சஷ்டி விரதமும் ஸ்டெம் செல்லும்: எங்கே தவறிவிடுகிறோம்?

கந்த சஷ்டிக்குத் திருப்பரங்குன்றத்தில் காப்புக் கட்டி, ஆறு நாளும் கோயிலிலேயே தங்கி விரதம் இருப்பவர்கள் எங்கள் தெருவில் பலர். சில வருடங்களாக அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியும் சுற்றுகிறது. பட்டினி கிடந்தால் ஆட்டோபேஜி (செல் தன் பழைய பாகங்களைத் தானே செரித்துக்கொள்ளும் வேலை) தொடங்குமாம், ஸ்டெம் செல்லெல்லாம் (உடலின் மற்ற செல்களை உருவாக்கும் மூலச் செல்கள்) புதுசாகுமாம், இதற்குத்தான் நோபல் பரிசே கொடுத்தார்களாம். பக்கத்து வீட்டு அக்கா இதை நம்பி, சுகர் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு மதியம் வரை பச்சைத் தண்ணீரோடு இருந்தார். சர்க்கரை இறங்கி வாசற்படியிலேயே மயங்கி விழுந்துவிட்டார். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் விரதம் இருக்கவே கூடாது. மற்ற தவறுகளைவிட இதுதான் உடனே ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

சரி, அந்தச் செய்தியில் எது உண்மை? 2016இல் ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு நோபல் கிடைத்தது நிஜம். ஆனால் அவர் ஆராய்ந்தது ஈஸ்ட் செல்லை. உணவில்லாத ஈஸ்ட், தன் உள்ளே பழுதானதையும் உபரியானதையும் பைபோலச் சுற்றி எடுத்துச் செரித்து மறுபடி பயன்படுத்துவதையும், அதற்கு எந்த மரபணுக்கள் வேண்டும் என்பதையும் கண்டுபிடித்தார். மனிதர்கள் விரதம் இருந்தால் இளமை திரும்பும் என்று அந்தப் பரிசு சொல்லவில்லை.

ஆட்டோபேஜி என்றால் வெறும் குப்பை அள்ளும் வேலை என்று நினைப்பது அடுத்த தவறு. ஸ்டெம் செல்லைப் பொறுத்தவரை அதன் பங்கு இன்னும் நுட்பமானது. மேலூர்ப் பக்கம் விதைநெல்லை எப்படி வைப்பார்கள்? நன்றாகக் காயவைத்து, ஈரம் படாமல் எடுத்து வைப்பார்கள். ஈரம் பட்டால் பருவத்துக்கு முன்பே முளைவிட்டுவிடும், அப்புறம் விதைப்புக்கு ஆகாது. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ரத்த ஸ்டெம் செல்லும் விதைநெல்தான். பெரும்பாலான நேரம் அது தூங்க வேண்டும். உள்ளே மைட்டோகாண்ட்ரியா, அதாவது செல்லுக்குச் சக்தி தரும் சின்ன எஞ்சின்கள், அதிகமாக ஓடினால் அது விழித்துக்கொண்டு, ரத்த அணுவாக மாறும் வழியில் இறங்கிவிடும். கூடுதல் மைட்டோகாண்ட்ரியாவை அகற்றி அந்தத் தூக்கத்தைக் காப்பது ஆட்டோபேஜி. 2017இல் எலிகளில் செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது.

அதே ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் உண்டு. வயதானால் எல்லா ஸ்டெம் செல்லிலும் ஆட்டோபேஜி குறைந்துவிடும் என்றுதான் நாம் எண்ணுவோம். ஆனால் கிழட்டு எலிகளின் ரத்த ஸ்டெம் செல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் ஆட்டோபேஜி நன்றாகவே நடந்தது. அந்தச் செல்கள் இளம் செல்களைப் போலவே புது ரத்தம் உண்டாக்கும் திறனோடு இருந்தன. தசையின் கதை வேறு. மிக வயதான எலிகளின் தசை ஸ்டெம் செல்களில் ஆட்டோபேஜி குன்றி, அவை திரும்ப எழ முடியாத முதுமை நிலைக்குப் போவதாக ஸ்பெயினில் 2016இல் கண்டார்கள். அதனால் ‘ஸ்டெம் செல் முதுமை’ என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டாம்.

எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்ற கணக்கும் இங்கே செல்லாது. ஆட்டோபேஜி புற்றுநோய் தொடங்காமல் தடுக்க உதவும். வளர்ந்துவிட்ட கட்டியின் செல்லுக்கோ அதுவே பிழைக்கும் வழியாகிவிடும். 2024இல் வந்த இன்னோர் எலி ஆய்வு இன்னும் யோசிக்க வைக்கிறது. ஒரு நாள் பட்டினிக்குப் பிறகு மறுபடி உணவு கொடுத்தபோதுதான் குடல் ஸ்டெம் செல்கள் வேகமாகப் பெருகின. அந்தச் சமயத்தில் புற்றுநோய்க்கான மரபணுக் கோளாறை உண்டாக்கினால் கட்டிகளும் கூடுதலாக வந்தன. இதைப் படித்துவிட்டு விரதத்துக்கே பயப்பட வேண்டாம். இதுவும் எலிதான். எலியின் ஆயுளே இரண்டு மூன்று வருடம். அதன் ஒரு நாள் பட்டினியை நம் ஒரு நாள் பட்டினியோடு ஒப்பிட முடியாது. ‘பதினாறாவது மணி நேரத்தில் ஸ்டெம் செல் புதுப்பிக்கப்படும்’ என்று மணிக்கணக்குப் போட்டு யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மருந்துக் கடையில் ராபமைசின் கேட்டு வாங்குவதும் வேண்டாம். அது ஆட்டோபேஜியைத் தூண்டும், உண்மைதான். ஆனால் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்குப் பின் உடலின் எதிர்ப்பை அடக்கத் தரும் மருந்து அது. சும்மா விழுங்கினால் தொற்றுநோய்க்குக் கதவைத் திறந்து வைப்பதாகிவிடும்.

இளமைக்கு ஸ்டெம் செல் ஊசி என்று விளம்பரம் பார்த்தால், ‘இது பதிவு செய்த மருத்துவ ஆய்வா?’ என்று முதலில் கேளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற ஏற்கப்பட்ட சிகிச்சையைத் தாண்டி எதுவும் ஆய்வாகத்தான் நடக்க வேண்டும். ஆய்வுக்கு உங்களிடம் பணம் வாங்கவும் கூடாது.

அதற்காக ஸ்டெம் செல் என்றாலே ஏமாற்று வேலை என்று ஒதுக்கினால் அதுவும் தவறாகிவிடும். சுண்ணாம்போ ஆசிடோ தெறித்து வெந்துபோன கருவிழிக்கு, நல்லாயிருக்கும் கண்ணின் கருவிழி ஓரத்திலிருந்து ஸ்டெம் செல் உள்ள சிறு திசுவை எடுத்து வைத்துப் பார்வையை மீட்கிறார்கள். அந்த ஓரத்து ஸ்டெம் செல்களைப் பற்றிய ஆராய்ச்சி நம் மதுரையிலேயே, அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆராய்ச்சிக் கூடத்தில் நடந்திருக்கிறது.