டர்போ பூஸ்ட் கூட்டும் முன் ஊரைப் பாருங்கள்

டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் பழைய டர்போ கார் வைத்திருப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை பார் வைக்கலாம்?" என்றுதான். டர்போ எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தம்தான் பூஸ்ட், அதை பார் என்ற அலகில் சொல்வார்கள். கார் எந்த ஊரில் ஓடப்போகிறது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஜொகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தமே 0.82 பார் அளவுதான், டர்பனில் 1.01. பூஸ்ட் கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்பதை மட்டும். முள் இரண்டு ஊரிலும் 0.7-இல் நின்றாலும், எஞ்சினுக்குள் போகும் மொத்த அழுத்தம் அங்கே 1.52, இங்கே 1.71. மேலே சமர்த்தாக ஓடிய கார், வான் ரீனன் கணவாய் வழியாக டர்பனுக்கு இறங்கி வந்ததும் நாக் அடிக்க (எஞ்சினுக்குள் பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் தானாக வெடித்துத் தட்ட) இதுவே போதும். அதனால் டர்பனில், 95 ஆக்டேன் பெட்ரோலில் வைத்துச் சரிபாருங்கள்.

கீழே சொல்வது வேஸ்ட்கேட் (பூஸ்ட் மிஞ்சாமல் புகையை டர்போவைச் சுற்றித் திருப்பிவிடும் வால்வு) காற்றழுத்தத்தில் மட்டும் திறக்கும் பழைய கார்களுக்கு. புதிய கார்களில் பூஸ்டைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. அங்கே பூஸ்ட் திருகைத் தொட்டால், எஞ்சின் தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோடுக்குப் போய்விடும்.

முதலில் எஞ்சின் நலமாக இருக்கிறதா என்று கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். பிளக் புதிதாகப் போட்டு, அதன் இடைவெளியைக் கொஞ்சம் குறையுங்கள். டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாகப் போகும் ஹோஸ்களில் கசிவு இருக்கக் கூடாது. பூஸ்ட் கேஜோடு, காற்று–பெட்ரோல் விகிதம் காட்டும் வைட்பேண்ட் மீட்டரும் கட்டாயம். அதற்குக் காசில்லை என்றால் இந்த வேலையைத் தள்ளிப்போடலாம்.

அப்புறம் கையால் திருகும் பூஸ்ட் கன்ட்ரோலரை, டர்போவிலிருந்து, வேஸ்ட்கேட்டைத் திறக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும் சின்ன ஹோஸின் நடுவே மாட்டுங்கள். நான்கு முனையிலும் கிளிப் போடுங்கள். அந்த ஹோஸ் கழன்றால் வேஸ்ட்கேட் திறக்காது, பூஸ்ட் கட்டுக்கடங்காமல் ஏறும். பலருடைய எஞ்சின் போவது பெரிய பூஸ்டால் அல்ல, இந்த இரண்டு ராண்ட் கிளிப் இல்லாததால்தான்.

திருகை முழுவதும் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். அதுதான் அடிப்படை அளவு. பிறகு கால் சுற்று, ஒரு ஓட்டம், மறுபடி கால் சுற்று. ஒரு தடவைக்கு 0.05 பாருக்கு மேல் ஏற்ற வேண்டாம். இதை ரோட்டில் செய்யாமல், காரை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் டைனோவில் செய்யுங்கள். முழு ஆக்ஸிலரேட்டரில் காற்று–பெட்ரோல் விகிதம் 12-ஐத் தாண்டினாலோ (பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம்), தகர டப்பாவில் கூழாங்கல் குலுங்குவது போலச் சத்தம் கேட்டாலோ உடனே காலை எடுத்துவிட்டு, திருகைப் பின்னால் திருப்புங்கள். எஞ்சின் திடீரென்று வெட்டினால் அது ஃபியூல் கட், அதாவது பூஸ்ட் மிஞ்சியதால் பெட்ரோலை நிறுத்தும் பாதுகாப்பு. அதை ஏமாற்ற ஒரு வால்வு விற்கிறார்கள், வாங்காதீர்கள்.

எதையும் மாற்றாத எஞ்சினில் நான் கம்பெனி அளவுக்கு மேல் 0.2 பாரில் நின்றுவிடுவேன். ஜூலைக் குளிரில் சரியாக இருந்தது பிப்ரவரிப் புழுக்கத்தில் நாக் அடிக்கலாம். வெயில் நாளில் இன்னொரு முறை சரிபாருங்கள். ஜொகன்னஸ்பர்க் போய்த் திரும்பும்போது, பெட்ரோல் ஊற்றுபவர் கேட்கும் முன்பே 95 என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பக்கம் 93 தாராளமாக ஓடும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவியுங்கள், இல்லாவிட்டால் கிளைம் நேரத்தில் கையை விரிப்பார்கள்.