என் அனுபவம்: சிந்தசைசர்ல சுருதி ஆடுனத சரி பண்ண கதை

வீட்லயே ஒரு சின்ன அனலாக் சிந்தசைசர் கட்டிட்டு இருந்தேன், ஒரு விசிஓ (குடுக்குற வோல்டேஜுக்கு ஏத்த சுருதில ஒலி உண்டாக்குற பகுதி), ஒரு எல்எஃப்ஓ (மெதுவா ஏறி எறங்குற சிக்னல் தர்ற பகுதி), ஒரு ஃபில்டர், எல்லாம் பிளஸ் மைனஸ் 12 வோல்ட்ல. எல்எஃப்ஓவ விசிஓவோட கனெக்ட் பண்ணவே இல்ல, ஆனாலும் எல்எஃப்ஓவோட எல்இடி ஒவ்வொரு தடவ எரியும்போதும் விசிஓ சுருதி லேசா ஆடுது, ஒரே ஸ்வரத்த தம்புரா மாதிரி பிடிச்சு வச்சா நல்லாவே தெரியும்.

மொதல்ல டிஎல்072ங்கிற ஆப்-ஆம்ப் ஐசி போயிடுச்சோன்னு மாத்திப் பாத்தேன், பிரயோஜனமில்ல. ஐசி பவர் பின்னுக்கெல்லாம் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டேன், இரைச்சல் கொறஞ்சுது ஆட்டம் போகல, இவ்ளோ மெதுவா மாறுற கரண்ட்ட அவ்ளோ சின்ன கெப்பாசிட்டரால ஈடுகட்ட முடியாது. அப்புறம் மல்டிமீட்டர மில்லிவோல்ட்ல வச்சு ஒரு முனைய சப்ளை கிரவுண்ட்லயும் (கரண்ட் திரும்பி வந்து சேர்ற பூஜ்ய வோல்ட் புள்ளி) இன்னொன்ன விசிஓ கிரவுண்ட்லயும் வச்சேன் பாருங்க, எல்இடி எரியுறப்பல்லாம் 5 மில்லிவோல்ட் ஏறி எறங்குது! விசிஓவுக்கு ஒரு வோல்ட் கூடினா சுருதி ஒரு ஆக்டேவ் ஏறும்னா, ஒரு செமிடோன் (ஆக்டேவ்ல பன்னெண்டுல ஒரு பங்கு) சுமார் 83 மில்லிவோல்ட், அப்ப இது 6 சென்ட் (செமிடோன்ல நூத்துல 6 பங்கு), காது கண்டுபிடிச்சிரும்.

நான் கிரவுண்ட ஒரு போர்டுலேர்ந்து அடுத்த போர்டுக்குன்னு செயின் மாதிரி இழுத்திருந்தேன், மெல்லிசான வயர் வேற. எல்இடியோட 10 மில்லிஆம்ப் விசிஓ கிரவுண்ட் வழியாதான் திரும்பிப் போகுது, வழில அரை ஓம் இருந்தாலே 5 மில்லிவோல்ட். ஒவ்வொரு போர்டுக்கும் தனித்தனியா தடி வயர் போட்டு சப்ளைல ஒரே புள்ளில சால்டர் பண்ணேன், எல்இடி கரண்ட் கொறையட்டும்னு அதோட ரெசிஸ்டரயும் 1 கிலோ ஓம்லேர்ந்து 10 கிலோ ஓம் ஆக்கிட்டேன். அன்னிக்கு ராத்திரி ஒரே ஸ்வரத்த அரை மணி நேரம் பிடிச்சு வச்சு கேட்டேன், அசையவே இல்ல.